முடிவுத் திகதி இல்லாத கோடு

அவரிடம் ஒரு கேள்வி கேட்டு உடனே பதில் வாங்கியவர் எங்கள் கம்பனியில் ஒருவரும் இல்லை. கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் விதைநெல் கம்பனிக்கு அவர் வேலைக்கு வந்த முதற்கிழமையே நான் ஒரு சின்னக் கேள்வியோடு போனேன்.

"பிள்ளை, போன போகம் வட்டக்கச்சியிலயிருந்து எவ்வளவு நெல்லு வந்தது எண்டு உந்தக் கொம்பியூட்டரில பாத்துச் சொல்லும்."

அவர் கணினிப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"வட்டக்கச்சியிலயிருந்து எண்டா, அங்க விளைஞ்ச நெல்லோ அண்ணை, அங்கயிருந்து லொறி ஏறின நெல்லோ?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"சுத்துவட்டாரத்தில விளைஞ்சதையும் வட்டக்கச்சிச் சந்தியில வைச்சுத்தானே ஏத்திறியள். பிறகெப்பிடி ஒண்டாகும்? சரி, அதைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறியள்?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நான் அந்தக் கம்பனியில் நெல் கொள்வனவுக்குப் பொறுப்பானவன். வயலும் வரம்பும் லொறியும் சாக்கும் என்று காலம் தள்ளியவன். என்னிலும் பார்க்க வயதில் நன்றாகக் குறைந்த ஒரு பெண்பிள்ளை, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னையே கூண்டில் ஏற்றி விசாரித்தால் எப்படி இருக்கும்? "பதில் சொல்லுறதுக்குத்தான் பிள்ளை உம்மை எடுத்தது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை என் மேசைக்கு வந்து இரண்டு விடைகளைச் சொன்னார், விளைந்தது இவ்வளவு, ஏறினது இவ்வளவு என்று. எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது. வருகிற போகத்துக்கு எத்தனை லொறி பிடிப்பது என்று பார்க்கத்தான் கேட்டிருந்தேன். அதை முதலே சொல்லியிருக்கலாம்தான்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஒருவரின் பெயரை அவரைக் கேட்காமல் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வவுனியாப் பட்டினத்துக்காரி. கொழும்பில் ஒரு வங்கிக்குக் கணினி வேலை செய்துவிட்டு, தகப்பனுக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வந்தவர். தினமும் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். மெலிந்த, உயரமான ஆள். எப்போதும் சட்டையின் ஓரத்தில் எங்காவது சோக்குத்தூள் ஒட்டியிருக்கும்.

சோக்குத்தூளுக்குக் காரணம் அவருடைய வேலை. அந்த வேலைக்கு நொலேஜ் கிராஃப் என்று பெயர். எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். கம்பனிக்காரர் கேட்கிற கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குள் ஆரார், என்னென்ன இருக்கிறது என்று பிரித்து, விவசாயி, காணி, சாக்கு, லொறி, களஞ்சியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட வேண்டும். பிறகு எந்த வட்டம் எந்த வட்டத்தோடு எப்படிச் சேர்கிறது என்று கோடு இழுக்க வேண்டும். அந்தப் படத்தை அப்படியே கணினிக்குள் கொண்டுபோய் வைத்தால், கோடு பிடித்துக்கொண்டு போய் அது விடையைக் கண்டுபிடிக்கும். அதற்கு முன்னர் எங்களிடம் இருந்தது எக்ஸெல். அதில் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு நிறை, அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்தில் இருந்த வெள்ளைப் பலகை அவருக்குப் போதவில்லை. நெல் காயவிடும் சீமெந்துத் தளத்துக்கு இறங்கிவிட்டார். போகம் முடிந்து தளம் வெறுமையாகக் கிடந்த காலம். சோக்குக்கட்டியால் பெரிய பெரிய வட்டங்களாகப் போட்டு, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வட்டத்துக்குள் நிற்கச் சொல்வார். நான் கொள்வனவு. டிரைவர் லொறி. களஞ்சியக்காரர் களஞ்சியம். சாக்குக்கு ஆள் இல்லாததால் ஒரு வெறுஞ்சாக்கையே கொண்டுவந்து போடுவார். வெயிலுக்குள் நாங்கள் எட்டுக்கோடு விளையாடும் பிள்ளைகள் மாதிரி நிற்போம். தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிற்பாட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கோட்டின் மேல் ஒரு வினைச்சொல் எழுதாமல் கோடு இழுக்க விடமாட்டார். எழுதிய பிறகு வட்டம், கோடு, வட்டம் என்று சேர்த்து வாய்விட்டு வாசிக்க வைப்பார். விவசாயி காணியைச் செய்கிறார். லொறி சாக்கை ஏற்றுகிறது. வாசித்தால் பொய்யாகவோ அரைகுறையாகவோ கேட்கிற கோட்டைச் செருப்புக்காலால் தேய்த்து அழித்துவிடுவார். ஒருமுறை களஞ்சியக்காரர், "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் எண்டு போடும் பிள்ளை, காணும்" என்றார். "சம்பந்தம் எண்ட சொல்லு இங்க வேண்டாம் ஐயா. என்ன செய்யுது எண்டு சொல்லுங்கோ" என்றார் அவர். அவருக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. "அப்ப இந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சம்பந்தம் பேசேலாது" என்று டிரைவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோட்டை அழித்தார்.

அந்தப் பிடிவாதம் எங்களுக்கு ஒரு நன்மை செய்தது. ஒரு போகத்தில் எங்கள் விதைநெல் முளைக்கவில்லை என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். முளைக்காத சாக்குகளில் அதிகமானவற்றில், ஓமந்தையில் எங்களுக்கு நெல் தரும் ஒரு விவசாயியின் இலக்கம் இருந்தது. அவரை நிற்பாட்டுவது என்று மேலாளர் சொல்லிவிட்டார். கேள்வி, எந்த விவசாயியின் விதை முளைக்கவில்லை என்பது. அந்தப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, "இது விவசாயியைப் பற்றின கேள்வியோ, சாக்கைப் பற்றின கேள்வியோ?" என்றார். எல்லோரையும் தளத்தில் இறக்கினார். சாக்கிலிருந்து ஒவ்வொரு கோடாக வாசித்துக்கொண்டு வந்து களஞ்சியத்தில் நின்றார்.

"சாக்கு களஞ்சியத்தில கிடக்குது. எங்க கிடந்தது ஐயா?"

"உள்ளுக்கைதான்."

"உள்ளுக்கை எங்க?"

களஞ்சியக்காரர் தன் வட்டத்தின் ஓரத்தைக் காலால் தேய்த்தார். "பின்சுவரோட" என்றார்.

பின்சுவரில் மழைக்கு ஈரம் இறங்கும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். முளைக்காத சாக்குகள் யாருடையவையாக இருந்தாலும் அந்தச் சுவரோடு கிடந்தவை. ஓமந்தைக்காரர் தப்பினார். களஞ்சியக்காரருக்குக் கொழும்பில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு காரசாரமான கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பிள்ளையோடு கனகாலம் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கோ அது பெரிதாகப் பட்டதாகத் தெரியவில்லை. கோடு எங்கே போகிறதோ அங்கே போவார். போய்ச் சேரும் இடத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து நின்றுவிடுகிற பழக்கம் அவரிடம் இல்லை. அவரை எனக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தது என்றாலும், அந்த ஒரு குணம் அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது.

அவர் செய்த இன்னொரு மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நெல் கொண்டு வருகிறவர் என்ன பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயரில் பதிவோம். எங்கள் பக்கத்தில் காணிப் பெர்மிட் பெரும்பாலும் ஆம்பிளையின் பெயரில்தான் இருக்கும். அந்த ஆம்பிளைகளில் நிறையப்பேர் இப்போது இல்லை. இல்லை என்றால் செத்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் போனவர், திரும்பவில்லை. பெண்சாதிதான் வயல் செய்கிறார். நெல்லைக் கொண்டுவந்து தராசில் வைக்கும்போது, "அவற்ர பேரில போடுங்கோ" என்பார். நாங்களும் போடுவோம். ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அந்தப் பிள்ளை வேலைக்கு வந்த பிறகு, சாக்கு யார் கையால் வந்ததோ அவருடைய அடையாள அட்டையோடு அந்தச் சாக்குச் சேர வேண்டும் என்றானது. காணி ஒருவர் பெயரில், கொண்டு வந்தவர் இன்னொருவர் என்றால் இரண்டு வட்டம். அது சரியான வேலை. இன்றைக்கும் அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன்.

பிறகுதான் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. கணினித் திரையில் முகம் பார்த்துக் கதைக்கும் கூட்டம். எங்களோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு நெல் தராமல் பேரளவில் மட்டும் இருப்பவர்கள் யார்? காணியே இல்லாமல் நெல் கொண்டு வருபவர்கள் யார்?

அவர் வழக்கம்போல, "தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார். சும்மா தெரிந்து வைத்திருக்கத்தான் என்றார்கள். அவருக்கு அது போதவில்லை, திரும்பவும் கேட்டார். அதே பதிலைக் கொஞ்சம் சலிப்போடு சொன்னார்கள். இன்னொரு தடவையும் கேட்டிருப்பார். பக்கத்தில் இருந்த எங்கள் மேலாளர் மேசைக்குக் கீழே கையால் போதும் என்று காட்டினார். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு கேள்விகளைக் கணினியில் ஓட்டினார். விடை அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் திரையில் வந்தது.

காணி இருந்தும் ஒரு சாக்கும் தராத ஆம்பிளைகள் ஒரு பக்கம். சாக்குச் சாக்காகத் தந்தும் காணி இல்லாத பெண்கள் மறுபக்கம். வன்னியில் இருக்கிற எவரும் பார்த்த உடனே தலையைக் குனிந்துகொள்வார்கள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கொழும்பில் இருந்தவர்களோ ஆம்பிளைகளை உறங்குகிற ஒப்பந்தக்காரர் என்று எடுத்துக்கொண்டார்கள், பெண்களைத் தரகர் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கம்பனி தரகரிடம் நெல் வாங்காது. அடுத்த கிழமை எல்லோருக்கும் ஒப்பந்தம் நிறுத்தப்படுகிறது என்று குறுஞ்செய்தி போய்விட்டது. அதில் ஒன்று என் அண்ணிக்கு.

என் அண்ணர் அந்த இடப்பெயர்வில், செல்லடிக்கு ஒளியும் பங்கருக்கு மேலே அடுக்க மரக்குற்றி எடுத்துவரப் போனவர். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். வட்டக்கச்சியில் அப்பாவின் பெர்மிட் காணி மூத்தவர் என்று அவருக்கு வந்தது. அண்ணிதான் இவ்வளவு காலமும் செய்து வந்தார். எங்கள் கம்பனி ஒப்பந்தம் இருந்தால் விதை வரும், உழவுக்கு மெஷின் வரும். இல்லையென்றால் அண்ணிக்கு மாரிமழைக்கு விதைக்கும் காலபோகம் இல்லை, வேறு வருமானமும் இல்லை. அண்ணி தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே அலுவலகத்துக்கு வந்தார். என்னிடம் வரவில்லை. நேரே அந்தப் பிள்ளையின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"பேரில இருக்கிற ஆள் நெல்லுக் கொண்டு வரேல்லையாம். கொண்டு வந்த எனக்குக் காணி இல்லையாம். அப்ப நான் ஆர் பிள்ளை?"

அவர் எழுந்து தன் கதிரையை அண்ணிக்குக் கொடுத்துவிட்டு நின்றார். அண்ணி கொஞ்சநேரம் இருந்துவிட்டு, "தம்பி, நான் போட்டு வாறன்" என்று எனக்குச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அன்றைக்கே அந்தப் பிள்ளை கொழும்போடு சண்டை பிடித்தார். ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல், நெடுநேரம். கடைசியில் அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி என்று இரண்டு உண்டு. அண்ணருக்கும் காணிக்கும் நடுவே உள்ள கோட்டுக்கு முடிவுத் திகதி இல்லை. அதைப் போட்டுவிட்டால் காணி அடுத்த உரித்தாளருக்கு, அதாவது அண்ணிக்கு, போய்விடும். ஒரே ஒரு திகதி, எல்லாம் தீர்ந்துவிடும்.

எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், அண்ணர் உயிரோடு இல்லை என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். அதை அண்ணிக்கு ஒருநாளும் சொன்னதில்லை. "போட்டுவிடும் பிள்ளை" என்றேன்.

"போடலாம் அண்ணை. ஆனா அதைச் சொல்ல வேண்டியது அண்ணி."

அவர் அலுவலக ஸ்கூட்டியில் பின்னால் வர, நான் மோட்டார் சைக்கிளில் வழிகாட்டிக்கொண்டு போனேன். அண்ணி வெறுந்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடச் சட்டையோடு மகள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் விசயத்தைச் சொன்னேன். ஒரு திகதி, அண்ணி, கம்பனிக்கு மட்டும்தான், வேறு ஒருவருக்கும் போகாது.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு திகதியைப் போட்டால் தம்பி, பிறகு வருசாவருசம் அந்தத் திதிக்கு நான் திவசம் குடுக்கவேணும். உயிரோட இருக்கிற மனுசனுக்குத் திவசம் குடுத்தா அந்தப் பாவத்தை ஆர் சுமக்கிறது? உந்தக் கொம்பியூட்டரோ?"

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கேட்டார்.

"அக்கா, திகதியை விடுங்கோ. நீங்கள் இப்ப அவருக்காக என்ன செய்யிறியள்?"

"தேடுறன்."

"எப்பிடித் தேடுறியள்?"

அண்ணி சொன்னார். காணாமற்போனவர்களின் உறவினர்களோடு தெருவோரப் போராட்டக் கொட்டகையில் அண்ணரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பதைச் சொன்னார். எந்த விசாரணைக்கு எவர் கூப்பிட்டாலும் போவதைச் சொன்னார். வவுனியாச் சிறையில் ஒரு மறியல்காரரைக் கண்டு விசாரித்ததை, சாத்திரம் கேட்ட இடங்களை, தெரியாத இலக்கத்திலிருந்து வரும் ஒரு அழைப்பையும் தவறவிடாமல் எடுப்பதைச் சொன்னார். இவற்றில் பாதி எனக்கே தெரியாது. கூடப்பிறந்தவன் நான், பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறேன். அங்கே இருக்கவே வெட்கமாக இருந்தது.

பின்னேரம் அந்தப் பிள்ளை அலுவலகத்துத் தளத்தில் இறங்கிக் குந்தியிருந்து இரண்டு வட்டம் போட்டார். அண்ணியிலிருந்து அண்ணருக்கு ஒரு கோடு இழுத்து, அதன் மேல் தேடுகிறார் என்று எழுதினார்.

"இதை வாசியுங்கோ அண்ணை."

"உதெல்லாம் கொம்பியூட்டரில போடுற விசயமே? அது அவவின்ர சொந்த விசயம். நெல்லு விக்கிறதுக்கு அவ அதையும் பதிஞ்சு வைக்கவேணுமோ?" என்று நான் கத்தினேன். உண்மையில் கத்தினேன்.

"இதிலதான் பொய் இல்லை" என்றார் அவர். "புருசன், பெண்சாதி எண்டு போட்டா அது எப்ப முடிஞ்சது எண்டு கேப்பாங்கள். செய்யிறா எண்டு போட்டா எந்த உரிமையில எண்டு கேப்பாங்கள். தேடுறா எண்டா, அது எப்ப முடியும் எண்டு சொல்ல வேண்டியது அவ மட்டும்தான்."

ஒருவர் தேடப்படும் வரைக்கும், அவருடைய காணிக்குத் தேடுகிறவர் பொறுப்பு. கம்பனியின் ஒப்பந்தத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த விதி அதுதான். கணக்காய்வாளருக்குக் காணிக்கும் சாக்குக்கும் நடுவே யாராவது ஒருவர் இருந்தால் போதும் என்பதால் கொழும்பில் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவரும் நானும் வீடு வீடாகப் போனோம். சிலர் தேடுகிறோம் என்றார்கள். சிலர் அழுதார்கள். தர்மபுரத்தில் ஒரு பெண், "நான் தேடேல்லை பிள்ளை, நான் கண்ணால கண்டனான்" என்று திகதியைச் சொன்னார். அந்தத் திகதியை அந்தப் பிள்ளை அப்படியே பதிந்தார். திரும்பி வரும்போது ஒரு வெறுங்காணிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கனநேரம் நின்றார். நானும் நின்றேன்.

அண்ணிக்குக் காலபோகம் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை முன்பு போல இல்லை. தளத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். டிரைவர் பகிடி விட்டால் சிரிப்பார், அது முகத்தில் நிற்காது. மேலாளருக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது என்று ஆகியிருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நீட்டவில்லை. போகிற அன்று என் மேசைக்கு வந்தார். எனக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "நீர் செய்தது சரி பிள்ளை" என்றேன்.

"ஓம் அண்ணை, எல்லாம் சரியாத்தான் செய்தனான். முதல் செய்ததும் சரி, பிறகு செய்ததும் சரி. அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

தகப்பன் இறந்த பிறகு அவர் வவுனியாவில் இல்லை என்று கேள்விப்பட்டேன். வெளிநாடு என்றார்கள், கொழும்பு என்றும் சொன்னார்கள். பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. அவர் செய்து வைத்த படம் மட்டும் இன்றைக்கும் எங்கள் கணினியில் ஓடுகிறது. புதிதாக வந்தவர்களுக்கு அதை யார் செய்தது என்றே தெரியாது.

போன ஆடியில் அண்ணி சிறுநீரக வருத்தத்தில் செத்துப்போனார். செத்தவீடு, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிந்து நான் அலுவலகத்துக்குப் போய் அண்ணியின் பெயருக்கு நேரே இறந்த திகதியைப் பதிந்தேன். அந்தத் திகதியில் எவருக்கும் சந்தேகம் இல்லை. பதிந்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. நான் அதற்கு முன்னர் அதைக் கண்டதில்லை. அவர் அதையும் யோசித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"இவர் தேடிக்கொண்டிருந்தவரை இனித் தேடுபவர் யார்?"

கீழே பெயர் எழுத ஒரு இடம். அதற்குக் கீழே, "எவரும் இல்லை" என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை அழுத்தினால் அண்ணர் மீண்டும் உறங்குகிற ஒப்பந்தக்காரர், காணி ஒப்பந்தத்தை விட்டுப் போகும்.

அண்ணியின் மகள் இப்போது ஆடைத்தொழிற்சாலைக்குப் போகிறாள். வயலைச் செய்வது அவளுடைய புருசன். கையில் ஒரு குழந்தையும் உண்டு. பின்னேரம் போய்ச் சொன்னேன். ஒரு பெயர்தான் பிள்ளை, உன்ர பேரைப் போடுறன் என்றேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"அம்மா தேடினவ சித்தப்பா. நான் அம்மாவோட கூடப்போனனான், அவ்வளவுதான். எனக்கு அப்பான்ர கை நினைவிருக்கு. முகம் படத்திலதான் தெரியும். தெரியாத முகத்தை நான் எப்பிடித் தேடுறது?"

"அப்ப, ஒருத்தரும் இல்லை எண்டு போடட்டோ?"

அவள் அழத் தொடங்கினாள். "அதையும் போடாதேங்கோ" என்றாள்.

அடுத்த நாள் திரையின் முன்னால் இருந்து என் பெயரைப் போட்டேன். வேறு வழி இருக்கவில்லை. வயல் தப்பவேண்டும், அதற்காகத்தான் போட்டேன். ஒரு பெயரைத் தட்டச்சுச் செய்வதில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்தக் காலபோகத்துக்கு விதையும் மெஷினும் வந்தன. மருமகன் விதைத்துவிட்டான்.

இது போன கிழமை நடந்தது. ஓமந்தையில் லொறிக்குக் காற்றடிக்க நிற்பாட்டியிருந்தோம். யாழ்ப்பாணம் போகும் பஸ் ஒன்று எதிரில் நின்றது. அதிலிருந்து தலை நரைத்த ஒரு ஆள், கையில் ஒரு பையோடு இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் போல நின்றார். அண்ணர் இருந்தால் அறுபதை நெருங்கியிருப்பார். அவருக்கு நெற்றியிலா காதோரத்திலா முதலில் நரைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் திரும்பினார். வேறு ஆள். நான் பஸ்ஸின் யன்னல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கடைசிச் சீற்று வரைக்கும் பார்த்தேன். பஸ் போன பிறகும் அது போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆரை அண்ணை பாக்கிறியள்?" என்று டிரைவர் கேட்டான்.

"அண்ணரை" என்றேன்.